விளம்பரப் பாட்டும் விளம்பர நடிகரும்: வாங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆடித் தள்ளுபடியில் தொடங்கிப் பொங்கல்வரை தமிழ்நாட்டில் விளம்பரங்களின் அறுவடைக் காலம். புடவைக்கு ஒரு நடிகை, நகைக்கு ஒரு நடிகர், வேட்டிக்கு இன்னொருவர். எல்லாருக்கும் பின்னணியில் ஒரு பாட்டு. இதைப் பார்த்து மக்கள் மயங்கிவிடுகிறார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ரசிப்பதோடு சரி, என் பணம் என் பையில்தான் இருக்கிறது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். இரண்டுமே முழு உண்மை இல்லை. வாங்குபவர்களிடமிருந்து வழக்கமாக வரும் கேள்விகளையும் அவற்றுக்கு என்னால் முடிந்த பதில்களையும் கீழே தந்திருக்கிறேன்.

விளம்பரத்தைப் பார்த்து நான் எதையும் வாங்குவதில்லை. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

இப்படிச் சொல்லாத ஆளைப் பார்ப்பது அரிது. இங்கிலாந்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கு வந்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். அட்ரியன் நார்த், டேவிட் ஹார்கிரீவ்ஸ், ஜெனிஃபர் மெக்கென்ட்ரிக் என்ற மூன்று உளவியலாளர்கள் அங்கே பிரெஞ்சு ஒயினையும் ஜெர்மன் ஒயினையும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கி வைத்தார்கள். விலையும் இனிப்பும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். ஒரு நாள் பிரெஞ்சு அக்கார்டியன் இசை, மறுநாள் ஜெர்மன் பேண்டு வாத்தியம் என்று இரண்டு வாரம் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். பிரெஞ்சு இசை ஒலித்த நாட்களில் பிரெஞ்சு ஒயின் 40 பாட்டில் விற்றது, ஜெர்மன் ஒயின் 8 பாட்டில்தான் விற்றது. ஜெர்மன் இசை ஒலித்த நாட்களில் ஜெர்மன் 22, பிரெஞ்சு 12. வாங்கியவர்களைக் கேட்டால், பாட்டுக்கும் தாங்கள் எடுத்த பாட்டிலுக்கும் சம்பந்தமே இல்லை என்றார்கள் பெரும்பாலோர். 1997-ல் முதலில் வெளியான இந்த ஆய்வு, இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவற்றில் ஒன்று.

அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவர்களுக்குத் தெரியவில்லை. அதே சமயம் ஒன்றையும் கவனிக்க வேண்டும். ஒயின் வாங்க வந்தவரின் கை எந்தப் பக்கம் நீண்டது என்பதைத்தான் அந்த இசை மாற்றியது. பால் வாங்க வந்தவரை அது ஒயின் வாங்க வைத்ததாக யாரும் சொல்லவில்லை. இசையின் வலிமை பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கிறது. இரண்டில் எது என்றாலும் சரி என்று நாம் அசட்டையாக இருக்கும் இடத்தில் அது புகுந்துகொள்கிறது.

பள்ளியில் படித்த செய்யுள் மறந்துவிட்டது, விளம்பரப் பாட்டு மட்டும் ஏன் மறக்கவில்லை?

மெட்டு என்பது சொற்களுக்குப் போட்ட சட்டகம். இந்த இடத்தில் இத்தனை அசை, இங்கே நீட்டல், இங்கே நிறுத்தம் என்று அது முன்பே வரையறுத்துவிடுகிறது. நடுவில் ஒரு சொல் விட்டுப்போனால் பாட்டே இடிக்கும். எனவே நினைவு தானாகத் தேடி நிரப்பிவிடும். ஆனால் முதல் தடவை கேட்கும்போது இந்த உதவி கிடைப்பதில்லை. வாண்டா வாலஸ் 1994-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அதே மெட்டு திரும்பத் திரும்ப வந்து பழகிய பிறகுதான் அது சொற்களை நினைவில் நிறுத்த உதவுகிறது. ஒரே விளம்பரத்தை ஓர் இடைவேளையில் இரண்டு முறை போட்டு நம் பொறுமையைச் சோதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழர்களுக்கு இந்த அனுபவம் வானொலிக் காலத்திலேயே கிடைத்துவிட்டது. அகில இந்திய வானொலியில் விளம்பரத்துக்கு இடமில்லாத காலத்தில் இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பு தென் மாவட்டங்களில் தெளிவாகக் கேட்டது. அகில இந்திய வானொலியின் விவித் பாரதி சேவையில் விளம்பரம் வந்ததே 1967 நவம்பரில்தான். அதுவும் முதலில் பம்பாய், புனே, நாக்பூர் நிலையங்களில் மட்டும். கோபால் பல்பொடி விளம்பரத்தை அதே ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்காட்டும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பல்பொடி போய்ப் பேஸ்ட் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நினைவில் நிற்பது வேறு, வாங்குவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

அப்படியானால் நினைவில் நிற்பதால் கம்பெனிக்கு என்ன லாபம்?

கடை எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. ரிச்சர்ட் யால்ச் 1991-ல் செய்த ஆய்வில், எந்தக் குறிப்பும் கொடுக்காமல் ஒரு பிராண்டின் பெயரை நினைவுபடுத்தச் சொன்னபோது பாட்டோடு வந்த விளம்பரங்கள் முந்தின. பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுத்துக் கேட்டபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது.

இதை நம் ஊர்க் கடையில் வைத்துப் பாருங்கள். மளிகைக் கடையில் பலகைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அண்ணாச்சி, சோப்புத் தூள் அரைக்கிலோ" என்றால், "எது வேண்டும்?" என்று அவர் கேட்பார். பின்னால் நான்கு பேர் காத்திருக்கிறார்கள். அந்த ஒரு விநாடியில் நம் வாயிலிருந்து ஒரு பெயர் வந்தாக வேண்டும். பாட்டு அந்தப் பெயரைத் தயாராக வைத்திருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் அப்படியல்ல. எல்லாப் பாக்கெட்டும் கண்ணெதிரே நிற்கும். பெயரை நினைவிலிருந்து எடுக்க வேண்டியதே இல்லை. விலைச் சீட்டும் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' அட்டையும் அங்கே பாட்டைவிடச் சத்தமாகப் பேசும்.

இந்த இடத்தில் நிர்மாவைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். 1969-ல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் வீட்டிலேயே தயாரித்துத் தொடங்கிய சலவைத் தூள் அது. அதன் பாட்டு நாடு முழுவதும் குழந்தைகள் வாயில் இருந்தது உண்மை. ஆனால் பாட்டுதான் நிர்மாவை வளர்த்தது என்பது பாதிக் கதை. அன்றைய பெரிய கம்பெனித் தூளின் விலையில் சிறு பங்குக்கு அது கிடைத்தது. விலை கட்டுப்படியானதால் வாங்கினார்கள், வாங்கும்போது பெயர் சொல்லப் பாட்டு உதவியது. விளம்பரத்துறைக்காரர்கள் இரண்டாம் பாதியை மட்டும் மேடையில் சொல்வார்கள்.

இனிமையான இசை கேட்டால் பொருளும் நல்லதாகத் தோன்றுமா?

இந்தக் கேள்விக்குப் புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. அதன் மீது புகழ்பெற்ற சண்டையும் உண்டு. 1982-ல் ஜெரால்ட் கோர்ன் என்பவர் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பேனாவின் படத்தைக் காட்டி, கூடவே இசையை ஒலிக்கவிட்டார். பேனா இளநீலம் அல்லது வெளிறிய பழுப்பு. இசை ஒரு பிரிவினருக்கு அவர்கள் விரும்பிய சினிமாப் பாட்டு, இன்னொரு பிரிவினருக்கு அவர்களுக்குப் பிடிக்காத இசை. கடைசியில் இரண்டு நிறங்களில் ஒரு பேனாவை எடுத்துக்கொள்ளலாம் என்றார். பிடித்த இசையோடு பார்த்தவர்களில் 79 சதவீதம் பேர் விளம்பரத்தில் வந்த நிறத்தையே எடுத்தார்கள். பிடிக்காத இசையோடு பார்த்தவர்களில் 30 சதவீதம் பேர்தான்.

அந்தப் 'பிடிக்காத இசை' எது தெரியுமா? இந்தியச் செவ்வியல் இசை! இதே சோதனையை மார்கழியில் மயிலாப்பூர் சபா வாசலில் நடத்தியிருந்தால் பேனாக் கணக்கு தலைகீழாகியிருக்கும். வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் அதுதான்: எல்லாரையும் கவரும் இசை என்று ஒன்று கிடையாது.

சண்டை என்னவென்றால், 1989-ல் ஜேம்ஸ் கெல்லாரிஸும் அந்தனி காக்ஸும் இதே சோதனையை மூன்று விதமாகச் செய்து பார்த்தார்கள். கோர்னுக்குக் கிடைத்த முடிவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆய்வாளர் என்ன எதிர்பார்க்கிறார் என்பதை மாணவர்கள் ஊகித்து அதற்கேற்ப நடந்திருக்கலாம் என்றார்கள். ஆகவே '79 சதவீதம்' என்ற எண்ணை மட்டும் யாராவது உங்களிடம் காட்டினால், மீதிக் கதையையும் கேளுங்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது கோர்னின் இரண்டாவது சோதனை. அதில் சிலரிடம், நீங்கள் முடிவெடுக்க வேண்டிய பொறுப்பில் இருக்கிறீர்கள் என்று முன்பே சொல்லிவைத்தார். அவர்கள் இசையோடு வந்த பேனாவை விட்டுவிட்டு, மை இழுகாது என்ற தகவலோடு வந்த பேனாவை அதிகம் எடுத்தார்கள். பொறுப்பு எதுவும் சொல்லப்படாதவர்கள் இசையின் பக்கம் சாய்ந்தார்கள். நான் இப்போது தேர்வு செய்கிறேன் என்ற நினைப்பு வந்தாலே இசையின் பிடி தளர்ந்துவிடுகிறது.

கடைக்குள் ஒலிக்கும் பாட்டுக்கும் கணக்கு உண்டா?

உண்டு. ரொனால்ட் மில்லிமன் 1982-ல் அமெரிக்காவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சோதித்தபோது, மெதுவான இசை ஒலித்த நாட்களில் மக்கள் மெதுவாக நடந்தார்கள். வேகமான இசை ஒலித்த நாட்களைவிட விற்பனை 38 சதவீதம் அதிகம். மெதுவாக நடப்பவர் கண்ணில் அதிகப் பொருள் படும் என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். ஒயின் கடையில் செவ்வியல் இசை வைத்த இன்னோர் ஆய்வில் வாங்கிய பாட்டில் எண்ணிக்கை கூடவில்லை, ஆனால் விலை உயர்ந்த பாட்டிலாக எடுத்தார்கள்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கு இதைக் கொண்டுபோக முடியாது. அங்கே மெதுவாக நடக்க இடம் ஏது? பெரிய ஜவுளிக் கடைகளில் எஸ்கலேட்டர் ஏறும்போது கடையின் சொந்த விளம்பரப் பாட்டே சுற்றிச் சுற்றி ஒலிக்கிறது. டி.வி.யில் பார்த்த இடத்துக்கே வந்துவிட்டோம் என்ற ஒரு திருப்தியைத் தருவது அதன் வேலை. அந்த வேலையை அது செவ்வனே செய்கிறது. ஆறு மாடியிலும் நாள் முழுக்க அதையே கேட்டுக்கொண்டு நின்றபடி வேலை பார்க்கும் விற்பனைப் பெண்களைப் பற்றி எந்த ஆய்வாளரும் கவலைப்பட்டதாக நான் படித்ததில்லை.

சில நொடிகளே வரும் இசைத் துணுக்கை மட்டும் கேட்டு கம்பெனியை அடையாளம் கண்டுகொள்கிறோமே?

அதற்கு டைட்டன் கடிகாரத்தை மிஞ்சிய உதாரணம் இந்தியாவில் இல்லை என்பேன். டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய நிறுவனம், தொழிற்சாலை ஓசூரில். விளம்பரத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது மொசார்ட்டின் 25-வது சிம்பொனியின் ஒரு பகுதி. இசையமைத்தவர் 1791-லேயே இறந்துவிட்டதால் காப்புரிமைத் தொகை என்ற பேச்சே இல்லை. கைகடிகாரம் பரிசாகக் கைமாறும் காட்சிகளோடு அந்த இசை ஆண்டுக்கணக்கில் ஒலித்து, மொசார்ட்டின் பெயரைக் கேள்விப்படாதவர்களும் அதை 'டைட்டன் மியூசிக்' என்று சொல்லும் நிலை வந்தது.

ஏர்டெல்லுக்கு 2002-ல் ஏ.ஆர். ரஹ்மான் போட்ட மெட்டு அடுத்த கட்டம். வாடிக்கையாளர்களே அதைத் தங்கள் ரிங்டோனாக வைத்துக்கொண்டார்கள். பஸ்ஸில் யாருக்கு அழைப்பு வந்தாலும் கம்பெனிக்குச் செலவில்லாத விளம்பரம். சினிமாவுக்கு வருமுன் ரஹ்மான் பல ஆண்டுகள் விளம்பர இசை செய்தவர் என்பதால், முப்பது நொடிக்குள் ஒரு மனநிலையை உண்டாக்கும் வித்தை அவருக்குக் கைவந்ததில் வியப்பில்லை.

இன்று இத்தகைய ஒலிகளை வணிகச் சின்னமாகப் பதிவுசெய்யவும் முடியும். இந்தியாவில் முதலில் பதிவானது யாஹூ இணைய நிறுவனத்தின் 'யாஹூ' என்ற கூவல், 2008-ல். இந்திய நிறுவனங்களில் ஐசிஐசிஐ வங்கி 2011-ல் பெற்றது. 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, முப்பது நொடிக்கு மிகாத எம்பி3 பதிவையும் இசைக் குறிப்பையும் விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டும்.

நடிகர் சொன்னால் உண்மையிலேயே விற்பனை கூடுகிறதா?

கூடுகிறது, பரவலாக நினைக்கும் அளவுக்கு இல்லை. அனிதா எல்பர்ஸும் ஜெரோன் வெர்லூனும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு, விளையாட்டு வீரர்களை ஒப்பந்தம் செய்த பிராண்டுகளின் விற்பனை சராசரியாக 4 சதவீதம் கூடியதாகச் சொல்கிறது. பெரிய கம்பெனிக்கு நான்கு சதவீதம் கோடிகளில் வரும், ஆகவே வீரருக்குக் கொடுத்த சம்பளம் வீணில்லை. வாங்குபவர் பக்கத்திலிருந்து பார்த்தால், பெரும்பாலோர் வீரர் வந்தாலும் வராவிட்டாலும் வாங்கியதையேதான் வாங்கினார்கள்.

நட்சத்திரம் யாரிடம் எடுபடும் என்பதைக் காட்டியது 1983-ல் ரிச்சர்ட் பெட்டி, ஜான் கசியோப்போ, டேவிட் ஷூமன் ஆகியோரின் சவர ரேஸர் சோதனை. இல்லாத ஒரு ரேஸருக்கு விளம்பரம் தயாரித்தார்கள். சிலவற்றில் விளையாட்டு நட்சத்திரங்கள், சிலவற்றில் சாதாரண மனிதர்கள். பங்கேற்றவர்களில் பாதிப் பேரிடம், முடிவில் உங்களுக்கு ஒரு ரேஸர் இலவசம், பிராண்டை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். மீதிப் பேருக்கு டூத் பேஸ்ட் தருவதாகச் சொன்னார்கள். ரேஸரைத் தேர்ந்தெடுக்கவேண்டியவர்கள் விளம்பரத்தில் சொன்ன காரணங்களை எடைபோட்டார்கள். நட்சத்திரத்தால் அவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. பேஸ்டுக்காகக் காத்திருந்தவர்களிடம் நட்சத்திரம் எடுபட்டார்.

சாக்லேட்டுக்கும் சோப்புக்கும் சரி. லட்சக்கணக்கில் பணம் போடும் நகைக்கு ஏன் நடிகர்? அங்கே நாம் கவனமாகத்தானே இருப்போம்?

நல்ல கேள்வி. மேலே சொன்ன ரேஸர் விதிப்படி நகைக்கடை விளம்பரத்தில் நடிகரே தேவைப்படக் கூடாது. ஆனால் தங்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் வெறும் கண்ணால் அதன் தரத்தைச் சோதிக்க முடியாது. 22 காரட்டா, 18 காரட்டா என்பது போட்டுக்கொள்பவருக்குத் தெரியாது. அப்படிச் சரிபார்க்க வழியில்லாத இடத்தில், முகம் தெரிந்த ஒருவர் வந்து "நம்புங்கள்" என்று சொல்வதற்கு மதிப்பு கூடிவிடுகிறது. முன்பு அந்த இடத்தில் குடும்ப ஆசாரி இருந்தார். மூன்று தலைமுறை தெரிந்த மனிதர், தவறு செய்தால் தெருவில் நடமாட முடியாது. ஆசாரியைத் தெரியாத நகரத்தில் நடிகர் அந்த இடத்துக்கு வந்தார்.

கல்யாண் ஜுவல்லர்ஸ் கேரளத்துக்கு வெளியே பரவியபோது செய்தது இதைத் தெளிவாகக் காட்டுகிறது. தமிழுக்குப் பிரபு, தெலுங்குக்கு நாகார்ஜுனா, கன்னடத்துக்கு சிவராஜ்குமார். மூவரும் பெரிய நடிகர்களின் பிள்ளைகள்; அந்தந்த மாநிலத்தில் 'நம் வீட்டுப் பிள்ளை' என்று பார்க்கப்படுபவர்கள். இளம் கதாநாயகர்களை விட்டுவிட்டு இவர்களைத் தேடியது தற்செயலாக இருக்க முடியாது. வெளியூர்க் கடைக்கு உள்ளூர்க் குடும்பத்தின் ஜாமீன் அது.

இன்று அந்த ஜாமீனுக்கு அவசியம் குறைந்துவிட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. எண், அதாவது ஒவ்வொரு நகைக்கும் உரிய தனி அடையாள எண், கட்டாயம். கடையிலேயே லென்ஸ் வாங்கி அந்த எண்ணைப் பார்த்து, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் நகையின் வகையும் தரமும் வந்துவிடும். தூய்மை விஷயத்தில் எந்த நடிகரின் வாக்குறுதியும் அந்த ஆறு எழுத்துக்கு ஈடாகாது.

ஆனால் ஹால்மார்க் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது: செய்கூலி, சேதாரம். ஐந்து பவுன் ஆரம் என்றால் 40 கிராம். ஒரு கடையில் சேதாரம் 8 சதவீதம், இன்னொன்றில் 14 சதவீதம் என்று வையுங்கள். வித்தியாசம் 2.4 கிராம் தங்கத்தின் விலை. கல் வைத்த நகையாக இருந்தால் கல்லின் எடையைக் கழித்துத் தங்க எடையைப் போட்டிருக்கிறார்களா என்பது தனி. எஸ்டிமேட் சீட்டை வாங்கிக்கொண்டு, தேநீர் குடிக்க வெளியே போய், பக்கத்துக் கடைச் சீட்டோடு ஒப்பிடுவதற்கு யாரும் தடை சொல்ல முடியாது. பாட்டும் நடிகரும் எட்டாத இடம் அந்தச் சீட்டு.

முதலாளிகளே விளம்பரத்தில் நடிக்கிறார்களே, அது எடுபடுகிறதா?

தமிழ்நாட்டில் நன்றாகவே எடுபட்டிருக்கிறது. வசந்த் அண்டு கோ வசந்தகுமார் தம் சிரித்த முகத்தையே கடையின் அடையாளமாக்கினார். லலிதா ஜுவல்லரி கிரண்குமார் திரையில் நின்று, மற்ற கடைகளின் விலையோடு ஒப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று சொன்னார். சரவணா ஸ்டோர்ஸ் லெஜண்ட் சரவணன் முன்னணிக் கதாநாயகிகளோடு விளம்பரத்தில் ஆடினார். பார்த்தவர்கள் கேலி செய்தார்கள், கேலி செய்த ஒவ்வொரு மீமிலும் கடையின் பெயர் இருந்தது. 2022-ல் அவர் கதாநாயகனாகவே ஒரு படம் வெளியானது.

நடிகர் நாளைக்கு எதிர்க் கடைக்குப் போகலாம், முதலாளி போக முடியாது. பொருளில் குறையிருந்தால் யாரைக் கேட்பது என்பதற்கு ஒரு முகம் தெரிகிறது. நடிகரின் நடிப்பைவிட முதலாளியின் நடிப்புத் தெரியாமை சில நேரம் அதிக நம்பிக்கை தருகிறது என்பது என் கணிப்பு.

நடிகர் ஞாபகம் இருக்கிறது, எந்தப் பொருளுக்கு நடித்தார் என்பது ஞாபகம் இல்லை. எனக்கு மட்டும்தானா?

இல்லை. விளம்பரத்துறையில் இதை 'இரத்தக்காட்டேரி விளைவு' என்கிறார்கள்: நட்சத்திரம் பொருளின் மீது விழவேண்டிய கவனத்தையெல்லாம் உறிஞ்சிவிடுகிறார். ஒரே நடிகர் சிமென்ட், மசாலா, பனியன், வங்கி என்று வரிசையாக வந்தால் வேறென்ன நடக்கும்? நஷ்டம் கம்பெனிக்குத்தான், நமக்கில்லை.

நடிகரின் சம்பளத்தை நாம்தான் கொடுக்கிறோமா?

பில்லில் அப்படி ஒரு வரி இருக்காது. விளம்பரச் செலவு அதிக எண்ணிக்கையில் விற்கும் பொருள் மீது பரவும்போது ஒரு பாக்கெட்டுக்குச் சில பைசாதான் வரும். குறைவாக விற்று அதிக லாபம் பார்க்கும் பொருளில் சுமை கூடும். விளம்பரமே செய்யாத, தரம் சமமான பொருள் பக்கத்தில் இருந்தால் விலையை ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஏன் என்பதற்கு விடை ஓரளவு அங்கே கிடைக்கும்.

பொய்யான விளம்பரத்தில் நடித்தால் நடிகருக்கு என்ன தண்டனை?

1986-ஆம் ஆண்டின் பழைய நுகர்வோர் சட்டத்தில் நடித்தவரின் பொறுப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. 2015-ல் மேகி நூடுல்ஸில் ஈயம் அளவுக்கு மீறி இருப்பதாகச் சொல்லி அதைத் தடைசெய்த விவகாரம் வெடித்தபோது, அதில் நடித்த இந்தி நட்சத்திரங்கள் மீதும் பீகாரில் வழக்குப் போட்டார்கள். பிறகு பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை நீக்கி, மறு பரிசோதனை முடிந்து, அந்த நவம்பரிலேயே நூடுல்ஸ் கடைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் 'விளம்பரத்தில் நடித்தவருக்கும் பொறுப்பு உண்டா?' என்ற கேள்வி திரும்பிப் போகவில்லை. நாடாளுமன்ற நிலைக்குழு சிறைத் தண்டனைகூட வேண்டும் என்றது. 2019-ல் வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த அளவுக்குப் போகவில்லை.

இப்போதைய நிலை இது: தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் நடித்தவருக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம், மீண்டும் செய்தால் 50 லட்சம்வரை. ஓராண்டுவரை எந்த விளம்பரத்திலும் நடிக்கத் தடை விதிக்கலாம், மறுமுறை மூன்றாண்டுவரை. விளம்பரத்தில் சொல்லப்படுவது உண்மைதானா என்று உரிய முறையில் விசாரித்த பிறகே நடித்தேன் என்று நிரூபித்தால் தப்பிக்கலாம். 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகள், நடிப்பவர் சொல்வது அவருடைய உண்மையான கருத்தாகவும், போதிய தகவல் அல்லது அனுபவத்தின் அடிப்படையிலும் இருக்க வேண்டும் என்கின்றன. அந்தத் தைலத்தை அவர் நிஜமாகவே தேய்த்துக்கொள்கிறாரா என்று நாம் சிரித்துக்கொண்டே கேட்கும் கேள்வியைச் சட்டம் சிரிக்காமல் கேட்கத் தொடங்கியிருக்கிறது.

மதுவுக்கு விளம்பரமே கூடாது என்கிறார்கள். பிறகு அந்தப் பெயர்கள் எப்படி டி.வி.யில் வருகின்றன?

சோடாவாக வரும், குடிநீராக வரும், சீட்டுக்கட்டாக வரும், ஒரு காலத்தில் இசை சிடியாகவும் வந்தது. விளம்பரத்தில் அட்டகாசமான பாட்டு, கொண்டாட்டம், கடைசியில் ஒரு பெயர், கீழே பொடி எழுத்தில் 'மியூசிக் சிடி'. அந்த சிடியை எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்டுவிடக் கூடாது. பான் மசாலா கம்பெனிகள் ஏலக்காயைப் பிடித்துக்கொண்டன.

2021 அக்டோபரில் அமிதாப் பச்சன் இப்படிப்பட்ட ஒரு பான் மசாலா ஒப்பந்தத்திலிருந்து விலகிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அது மறைமுக விளம்பரம் என்று தமக்குத் தெரியாது என்றார். 2022 ஏப்ரலில் அக்ஷய் குமார் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டு விலகினார். ஆனால் ஒப்பந்த காலம் முடியும்வரை விளம்பரம் ஓடக்கூடும் என்றும் அவரே சொன்னார். மன்னிப்பும் விளம்பரமும் ஒரே வாரத்தில் ஓடலாம், ஒப்பந்தம் என்றால் அப்படித்தான். 2022 ஜூன் நெறிகள் இத்தகைய மறைமுக விளம்பரத்தைத் தடைசெய்கின்றன.

ரம்மி விளம்பரங்களுக்கும் இதே கதியா?

அவற்றுக்குத் தனிச் சட்டம். தமிழ்நாடு அரசின் சட்டம் 2023-ல் நடைமுறைக்கு வந்து நீதிமன்றப் போராட்டங்களைச் சந்தித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் சேர்த்தே தடைசெய்தது. விளம்பரம் செய்தால் இரண்டாண்டுவரை சிறை, 50 லட்சம்வரை அபராதம்.

பணம் கொடுத்தும் மறுத்தவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். 2001-ல் ஆல் இங்கிலாந்து பேட்மின்டன் பட்டம் வென்ற புல்லேலா கோபிசந்த், கோலா விளம்பரத்தை மறுத்தார். தாமே குடிக்காத ஒன்றை மற்றவர்களைக் குடிக்கச் சொல்ல முடியாது என்பது அவர் நிலை. நடிகை சாய் பல்லவி சிகப்பழகு கிரீம் விளம்பரத்தை மறுத்து, நம் மக்களின் நிறம் இதுதான், இதில் திருத்த என்ன இருக்கிறது என்ற பொருளில் பேசினார். இப்படி மறுப்பவர்களின் மதிப்பு கூடுகிறது. மதிப்புக் கூடியவரைத் தேடி அடுத்த கம்பெனி வருகிறது. விளம்பர உலகின் இந்த வினோதத்துக்கு மருந்து இல்லை.

ரீல்ஸில் பேசுபவர்களை நம்பலாமா?

சினிமா நடிகர் பணத்துக்கு நடிக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். ரீல்ஸில் பேசும் பெண் நம் பக்கத்து வீட்டு அக்கா மாதிரி, "நான் மூணு மாசமா இதைத்தான் யூஸ் பண்றேன்" என்கிறார். சந்தேகம் எழுவதே இல்லை, சிக்கலும் அதுதான். 2023 ஜனவரியில் அரசு வெளியிட்ட நெறிகளின்படி, பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு பேசினால் 'விளம்பரம்' என்று தெளிவாக அறிவிக்க வேண்டும்; எந்த மொழியில் பேசுகிறார்களோ அந்த மொழியிலேயே. வீடியோவில் எழுத்தாகவும் குரலாகவும் வர வேண்டும். பத்து ஹேஷ்டேகுகளுக்கு நடுவே ஆங்கிலத்தில் ஒளித்து வைப்பது கணக்கில் சேராது.

குழந்தைகள் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே பிஸ்கட் கேட்கிறார்கள். என்ன செய்வது?

சிறு பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி எது, விளம்பரம் எது என்பதே குழப்பம். அதனால் 2022 நெறிகளில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. சட்டப்படி உடல்நல எச்சரிக்கை வாசகம் தேவைப்படும் பொருள்களுக்கோ, குழந்தைகள் வாங்க முடியாத பொருள்களுக்கோ குழந்தைகளை நோக்கிய விளம்பரத்தில் சினிமா, இசை, விளையாட்டு நட்சத்திரங்களைக் காட்டக் கூடாது. பிஸ்கட் இதில் வராது. பாட்டைப் பாட விடுங்கள், பட்டியலில் எழுதியதை மட்டும் வாங்குங்கள். பட்டியலைப் பிள்ளையையே எழுத வைத்தால் சண்டை பாதியாகக் குறையும்.

பிரபலமே ஒரு செயலியைப் பரிந்துரைக்கும் வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையாக இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. 2024 ஜனவரியில் சச்சின் டெண்டுல்கர் ஒரு விளையாட்டுச் செயலியைப் புகழ்வதுபோன்ற வீடியோ பரவியது. அது போலி என்று அவரே அறிவித்தார். குரலையும் முகத்தையும் செயற்கையாக உருவாக்க இன்று அதிகச் செலவில்லை. சம்பந்தப்பட்டவரின் அதிகாரபூர்வப் பக்கத்தில் அந்த விளம்பரம் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் இரட்டிப்பாகும், மூட்டுவலி ஒரே வாரத்தில் போகும் என்று ஒரு பிரபலம் சொன்னால், அவர் அசலாக இருந்தாலும் போலியாக இருந்தாலும் நம் பதில் ஒன்றாகவே இருக்கட்டும்.

புகார் செய்ய வேண்டுமென்றால் எங்கே போவது?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். பொருளை வாங்கி நஷ்டம் அடைந்திருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளை வாங்காமலே, விளம்பரம் பொய் என்று மட்டும் புகார் செய்ய விரும்பினால் மும்பையில் உள்ள 'ஆஸ்கி' எனப்படும் இந்திய விளம்பரத் தரக் குழுவுக்கு இணையத்திலேயே அனுப்பலாம். அது 1985-ல் விளம்பரத்துறையினர் தாங்களே அமைத்துக்கொண்ட அமைப்பு. அபராதம் விதிக்கும் அதிகாரம் இல்லை. ஆனாலும் அது சொல்லி மாற்றப்பட்ட, விலக்கப்பட்ட விளம்பரங்கள் நிறைய.

புகாருக்கு முன் மூன்று விஷயங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: விளம்பரத்தின் படம் அல்லது பதிவு, எந்த நாளில் எந்தச் சேனலில் அல்லது பக்கத்தில் வந்தது என்ற குறிப்பு, எந்த வாசகம் தவறு என்று நீங்கள் கருதுகிறீர்கள் என்பது. 'இந்த நடிகரை எனக்குப் பிடிக்காது' என்பதைப் புகாராக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 'ஏழு நாளில் முடி வளரும் என்கிறார், ஆதாரம் கேளுங்கள்' என்றால் எடுத்துக்கொள்வார்கள்.